குமிழி அடங்கும் வரை

திங்கட்கிழமை, காலை 7.10.

கடப்பாரையின் இரண்டாவது நெம்பில் கதவு பிளந்தது. உள்ளே எட்டிப் பார்த்த ஏட்டு பச்சைமுத்து, வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

காவலாளி மாசிலாமணி மல்லாந்து கிடந்தார். சுவரோரம் ஆள் உயரத்துக்கு இருந்த கல் அடுக்கில் பாதி சரிந்து அவர் மார்பிலும் வயிற்றிலும் விழுந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. யாருடனோ பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தியதைப் போல வாய் சற்றே பிரிந்திருந்தது.

2013ஆம் ஆண்டின் ஐப்பசி மழை முந்தின நாள் மாலைதான் கொட்டித் தீர்த்திருந்தது. கூட்டேரிப்பட்டிலிருந்து மயிலம் போகும் சாலையில், சவுக்குத் தோப்பை ஒட்டி, கல்லூரிப் பெண்களுக்காக ஓர் அறக்கட்டளை கட்டிக்கொண்டிருந்த விடுதியின் சாமான் அறை அது. விடுதி முழுவதும் சூளையில் சுடாத மண்கல்லால் எழும்பிக்கொண்டிருந்தது. செம்மண்ணில் சிறிது சுண்ணாம்பும் சிறிது சிமெண்டும் சேர்த்து, இரும்பு அச்சில் அழுத்தி, நிழலில் வைத்து ஒரு மாதம் பதப்படுத்திய கல்.

"மண்ணுல கட்டினா இதான் மேடம்," என்றார் ஏட்டு. "எங்க ஊர்ல கோழிக்கூடு கூட செங்கல்லுலதான் கட்டுவோம்."

"ஏட்டய்யா, கோழிக்கூட்ட அப்புறம் பாக்கலாம். மொதல்ல அந்தத் தாழ்ப்பாளக் காட்டுங்க."

உதவி ஆய்வாளர் பிரபாவதி குனிந்து பார்த்தாள். தாழ்ப்பாள் உள்ளிருந்து போடப்பட்டிருந்தது. நெம்பியதில் வளைந்திருந்தாலும் இன்னும் கொண்டியிலேயே கிடந்தது. அவள் மெதுவாகச் சுற்றி நோக்கினாள். மேலே ஆணி அடித்த தகரக் கூரை. அதன் கீழே பூனை மட்டும் நுழையக்கூடிய காற்றுத் துளைகள். மேற்குச் சுவரில் ஒரு சன்னல் வைக்க விட்டிருந்த இடம். அதையும் மண்கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

"இத எப்ப அடைச்சது?"

வாசலில் நின்ற தென்னரசு தலைத்துண்டை அவிழ்த்தான். இங்கே தலைமைக் கொத்தன் அவன்தான். காலையில் வேலைக்கு வந்து, கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொன்னவனும் அவன்தான்.

"சனிக்கிழம மத்தியானம் மேடம். கம்பி வர்ற வரைக்கும் சும்மா அடைச்சு வச்சேன். உள்ள மிஷின் இருக்குதுல்ல. நேத்து ஞாயித்துக்கிழம, எங்க ஆளுங்க எல்லாம் கோயிலுக்குப் போய்ட்டாங்க. பெரியவரு மட்டும்தான் இங்க."

"நேத்து யாரு வந்தாங்க?"

"அவரத் தேடி யாரு மேடம் வரப்போறாங்க? அவருக்கு யாருமே கெடையாது."

யாருமே கெடையாது என்பதை அவன் வானிலை சொல்வதுபோலச் சொன்னான். பிரபாவதி அடைத்த சன்னலருகே போனாள். கல்லின் ஓரங்கள் உப்பி உதிர்ந்திருந்தன. தொட்டதும் செம்மண் விரலில் ஒட்டியது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், சில்லென்றிருந்தது. கற்களின் இடுக்குகளில் சாந்து இட்லிமாவு வழிவதுபோல உள்பக்கம் பிதுங்கி நின்றது. பக்கத்துச் சுவரின் கற்களோ உலர்ந்து, ஓரம் கத்திபோல இருந்தன.

"மழத் தண்ணி மேடம். கரைஞ்சு போச்சு," என்றார் ஏட்டு.

அப்போது வெளியே ஒரு ஸ்கூட்டர் நின்றது. ஓடி வந்த பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். வெனிலா. விடுதியின் பொறியாளர். திண்டிவனத்துக்காரி; பெங்களூரில் இருந்த வேலையை விட்டுவிட்டு மண்கல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று ஊர் பேசும் பெண். அவள் முதலில் பார்த்தது மாசிலாமணியின் முகத்தை. அடுத்துப் பார்த்தது உதிர்ந்துகொண்டிருந்த அந்தக் கற்களை. இரண்டாவதைப் பார்த்ததும் உள்ளே வந்து ஒரு கல்லின் ஓரத்தை விரலால் சுரண்டினாள்.

"என் கல்லு கரைஞ்சிருக்கு," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

அதை ஏட்டு கேட்டார். தென்னரசு கேட்டான். வேலியோரம் கூடியிருந்த ஊரும் கேட்டது. அரைமணி நேரத்தில் ஆய்வாளர் தொலைபேசியில் வந்தார்.

"என்னம்மா, அந்தப் பொண்ணே ஒத்துக்கிச்சாமே? கவனக்குறைவால மரணம்னு எழுதிட்டு உள்ள வை. நாளைக்கு மத்தியானம் கோர்ட்டுல காட்டணும். இந்த மண்ணு கட்டடத்தையும் நிறுத்தச் சொல்லி மேல இருந்து சொல்லிக்கினே இருக்காங்க."

"சார், பூட்டின ரூம்ல..."

"பூட்டின ரூம்ல கல்லு விழுந்துச்சு. ஆளு செத்தான். இதுல துப்பறிய என்ன இருக்கு?"

பிரபாவதி தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பி அறைக்குள் போனாள். உடலைத் தூக்கியிருந்தார்கள். பின்மண்டை பிளந்த இடத்தில் கொஞ்சம் ரத்தம். தரையில் புதுமணல் பரப்பியிருந்தது. காலை வைத்தால் புதைந்தது. மூன்றடி தள்ளிக் கல் அழுத்தும் இரும்பு அச்சு நின்றது. அதன் மேல் முழுக்கச் செம்மண் தூசு. ஒரு மூலையில் மட்டும் தூசு இல்லை.

சரிந்து கிடந்த கற்களில் ஒன்றைத் தூக்கினாள். கனத்தது. தலை உயரத்திலிருந்து விழுந்தும் அதன் முனை மழுங்கவில்லை.

மாசிலாமணியின் குடித்தனம் ஒரு பலகைமேல் அடங்கியிருந்தது. மடித்த வேட்டி, சின்னப் பீங்கான் மாதா சிலை, கழுவிக் கவிழ்த்த ஒரு கண்ணாடி டம்ளர். கீழே டீ வாங்கும் அலுமினியத் தூக்கு. தூக்கின் மூடி மல்லாந்து கிடந்தது. அதன் குழிவுக்குள் காய்ந்த டீக்கறை. எறும்புகள் அதைச் சுற்றி வட்டமிட்டன.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏனென்று அப்போது தெரியவில்லை.

வெளியே வந்து கட்டடத்தின் பின்பக்கம் போனாள். மேற்கே சவுக்குத் தோப்பு. சன்னலுக்கு நேர்கீழே மண் மிதிபட்டிருந்தது. மற்றபடி தாழ்வாரத்தின் அடியில் மண் காய்ந்து, கோழி கிளறிய தடம்கூட அழியாமல் இருந்தது. அங்கிருந்த தண்ணீர்த் தொட்டியருகே தென்னரசு யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

"எந்தப் பாவி இதுல மண்ணக் கரைச்சது? சனிக்கிழமதான் நல்லதண்ணி ரொப்பி வச்சேன். சுண்ணாம்பு கலக்கறதுக்கு. பாருங்க மேடம், சாம்பாராட்டம் இருக்குது!"

"தென்னரசு, அந்தச் சன்னல எப்படி அடைச்சீங்க? ஒரு கல்லு வச்சுக் காட்டுங்க."

அவன் வியப்போடு பார்த்தான். ஈரச்சாக்கு மூடிய சாந்துக் குவியலிலிருந்து கரண்டியில் அள்ளினான். ஒரு கல்லை எடுத்து, நனைந்த சாக்குத் துணியால் அதன் முகத்தை ஒரு தரம் துடைத்தான், குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல. சாந்தை வைத்தான். கல்லை இறக்கினான். இருபக்கமும் பிதுங்கிய சாந்தை வழித்து எடுத்தான்.

"அவ்ளோதான்."

"சாந்து சனிக்கிழம கலந்ததா? இன்னும் இறுகலியே?"

"சுண்ணாம்பு மேடம். சிமெண்டாட்டம் ஜல்தியா இறுகாது. சாக்கு போட்டு ஈரமா வச்சா நாலு நாளைக்கும் வேலைக்கு ஆவும். என்னா, வெறுங்கையால தொடக்கூடாது. தோலை உரிச்சிடும்."

திங்கட்கிழமை, மதியம்.

வெனிலாவுக்கு எதிரி என்று ஊரில் எல்லோரும் சொன்ன பெயர் ஒன்றுதான். சூளைக்காரர் சீனுவாசன். போன மாதம் அவர் விடுதி வாசலில் வந்து நின்று, "என் சூளையில மண்ணு அள்ளிப் போடத்தான் நீ படிச்சிட்டு வந்தியா" என்று கத்தியதை நூறு பேர் கேட்டிருந்தார்கள்.

வளவனூர்ப் பக்கம் அவருடைய சூளை புகையில்லாமல் கிடந்தது. தார்ப்பாய்களின் அடியில், இன்னும் சுடாத பச்சைக்கல் வரிசைகள். பாதிக்கு மேல் கரைந்து மீண்டும் சேறாகியிருந்தன.

"நேத்து சாயங்காலமா?" சீனுவாசன் சிரித்தார், சிரிப்பில் அழுகை இருந்தது. "மேடம், மழ வந்தா எனக்குப் பொண்டாட்டி புள்ள ஞாபகமே வராது. இந்தப் பச்சைக்கல்லு ஞாபகம்தான். நானும் இருபது ஆளுங்களும் தார்ப்பாயப் புடிச்சிக்கினு நின்னோம். வேணும்னா கேளுங்க."

"அந்தப் பொண்ணு மேல கோவம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. இருக்குது. ஆனா சூளைய மூடச் சொன்னது அவ இல்லியே, காலம்தானே? நான் கல்லு விக்கிறவன் மேடம். கட்டுறவன்கூட இல்ல. என் வூட்டுக்கு ஒரு படி கட்டறதுக்கே கொத்தனத்தான் கூப்புடணும்."

அவர் நீட்டிய கைகள் வெண்ணெய்போல இருந்தன.

திங்கட்கிழமை, மாலை 4.30.

விடுதிக்கு எதிரே கோவிந்தம்மாளின் டீக்கடை. நான்கு கம்பு, ஒரு தார்ப்பாய், ஒரு செங்கல் அடுப்பு. பெஞ்சில் வெள்ளைச் சட்டையோடு காண்ட்ராக்டர் இருதயநாதன் உட்கார்ந்திருந்தார். விடுதியின் அஸ்திவாரமும் மேல்தளமும் அவர் பொறுப்பு. வட்டாரத்தில் கான்கிரீட் வேலை என்றால் அவர்தான்.

"வாங்க மேடம். பாவம் அந்தப் பொண்ணு," என்றார் அவர். "நான் அப்பவே சொன்னேன். சிமெண்டு போட்டுக் கட்டும்மா, பேஜாரு இல்லன்னு. காத்து கெடுதாம், புகை வருதாம். வூடு கட்டறவன் வானத்தப் பாத்துக்கினு இருந்தா செவுரு எப்படி நிக்கும்?"

அவர் டீ டம்ளரைக் கைக்குட்டையால் சுற்றிப் பிடித்திருந்தார். விரல்நுனிகள் வெளுத்துத் தோலுரிந்திருந்தன.

"கையில என்னங்க?"

"கார் பேட்டரி மேடம். ஆசிட்டு பட்டுடுச்சு."

கோவிந்தம்மாள் அடுப்பில் விறகைத் தள்ளும்போது முன்பக்கத்துச் செங்கல் ஒன்று பெயர்ந்து உருண்டது. "இதோட ரோதன" என்று அவள் சேற்றை அப்பி அதை வைக்கப் போனாள்.

"இரு இரு. காஞ்ச கல்ல வச்சா புடிக்குமா? ஈரத்தெல்லாம் அதுவே குடிச்சிடும்."

இருதயநாதன் இடதுகையால் செங்கல்லை வாங்கித் தண்ணீர் வாளிக்குள் விட்டார். செங்கல்லிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பியது. அவர் பேச்சை நிறுத்தாமலே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி அடங்கியதும் எடுத்து அடுப்பில் பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"பார்றா! வெள்ளச்சட்ட போட்டுக்கினு அடுப்பு கட்டுது!" கோவிந்தம்மாள் சிரித்தாள். அவர் சிரிக்காமல் எழுந்து போய்விட்டார்.

"யம்மா, மாசிலாமணி நேத்து வந்தாரா?" என்று கேட்டாள் பிரபாவதி.

கோவிந்தம்மாளின் சிரிப்பு அணைந்தது. "வந்தாரும்மா. மழைக்கு முன்னாடி. ரெண்டு வருஷமா ஒரு டீதான் வாங்கும் அந்த மனுசன். நேத்து தூக்க நீட்டி, 'ரெண்டு டீ குடு கோவிந்தம்மா'ன்னாரு. 'இன்னாய்யா, பொண்ணு கிண்ணு பாக்க வர்றாங்களா'ன்னு கிண்டல் பண்ணேன். வெக்கப்பட்டுக்கினு சிரிச்சிட்டுப் போய்ட்டாரு. அப்புறம் மழ வலுத்துப் போச்சு, தார்ப்பாய எறக்கிட்டேன். யாரு வந்தா, யாரு போனான்னு ஒண்ணும் தெரியல."

திங்கட்கிழமை, மாலை 6.15.

நிலையத்தில் வெனிலா மரப்பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்க யாரும் வந்திருக்கவில்லை. அப்பா இல்லை; அண்ணன் தொலைபேசியை எடுக்கவில்லை. வாங்கி வைத்த தயிர்சாதம் பிரிக்காமல் கிடந்தது.

"செங்கல்லுல கட்டினா என்னங்க? ஊரே கட்டுது," என்றாள் பிரபாவதி.

வெனிலா நிமிர்ந்தாள். கேட்டது ஏளனமில்லை என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஒரு வீட்டுல விளக்கு எரியறது, ஃபேன் ஓடறது, அதுக்கு ஆகுற கரண்டுதான் எல்லாருக்கும் தெரியும் மேடம். ஆனா குடி போறதுக்கு முன்னாடியே அந்த வீடு எவ்ளோ புகை கக்கிடுச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. செங்கல்லுக்கு சூளை. சிமெண்டுக்கு அதவிடப் பெரிய சூளை. கம்பிக்கு உலை. எல்லாம் நெருப்புல பொறந்தது. அதுல பாதியாவது கொறைக்கலாமேன்னுதான். நாளன்னிக்கு கவர்மெண்டு போர்டுலருந்து கல்லச் சோதிக்க வர்றாங்க. பதமான கல்ல தண்ணியில ஒரு நாள் போட்டு, அழுத்திப் பாப்பாங்க. தேறிச்சுன்னா அடுத்த பத்து விடுதியும் இந்தக் கல்லுலதான்."

"சுண்ணாம்பும் சுட்டதுதானே?"

"சுட்டதுதான். ஆனா சாந்தா பூசினதுக்கு அப்புறம், சுடும்போது விட்ட காத்துல கொஞ்சத்த வெளியிலருந்து திரும்ப இழுத்துக்கும். அப்படி இழுத்துத்தான் கல்லாகுது. அதனாலதான் அவ்ளோ மெதுவா இறுகுது."

சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இதெல்லாம் இனிமே எதுக்கு? என் கல்லு கரைஞ்சத என் கண்ணாலயே பாத்துட்டேன். நான் ஜெயிலுக்குப் போறது பெரிசில்ல மேடம். என் கல்லு அவரக் கொன்னுச்சான்னு மட்டும் சொல்லுங்க."

பிரபாவதி தயிர்சாதப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை, விடிகாலை.

காவலர் குடியிருப்பில் பிரபாவதியின் சமையலறையில் எல்லாம் ஒன்றுதான். ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு டம்ளர். அம்மா போன பிறகு மற்றவற்றைப் பரணில் ஏற்றிவிட்டாள். யாரும் வருவதில்லை, எதற்குக் கழுவிக்கொண்டிருப்பது?

டீயை டம்ளரில் ஊற்றினாள். இப்போது யாராவது வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வேன் என்று, காரணமில்லாமல், ஓர் எண்ணம் வந்தது. டம்ளரை வந்தவருக்குக் கொடுப்பேன். நான் பாத்திரத்தின் மூடியில் ஊற்றிக் குடிப்பேன்.

கை நின்றது.

தனியாக இருந்த மனிதன், கையில் டம்ளரை வைத்துக்கொண்டு, எதற்கு மூடியில் குடிக்க வேண்டும்?

டீ ஆறியது. அவள் ஜீப்பை வரச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை, காலை 9.00.

சாமான் அறையில் எல்லோரும் நின்றார்கள். வெனிலா, தென்னரசு, சீனுவாசன், இருதயநாதன். வாசலை மறைத்து ஏட்டு. பிரபாவதி ஒரு வாளித் தண்ணீரைச் சன்னலடியில் வைத்தாள்.

"மாசிலாமணி கல்லு விழுந்து சாகல. பின்மண்டையில அடி. தரையோ மணல், மணல்ல விழுந்து மண்ட பிளக்காது. அச்சோட இரும்பு மூலையில மோதியிருக்காரு. யாரோ அந்த மூலையத் துடைச்சிருக்காங்க. அப்புறம் அடுக்கச் சரிச்சு விட்டிருக்காங்க. கல்லுல பலமில்லாம சரிஞ்சதுன்னா விழுந்த கல்லு நொறுங்கியிருக்கணும். ஒண்ணுகூட முனை உதிரல."

"கதவு உள்ள தாழ்ப்பா போட்டிருந்துச்சே மேடம்?" என்றார் ஏட்டு.

"போட்டவன் சன்னல் வழியா போயிட்டான். சிமெண்டு வச்சு அடைச்சிருந்தா முடியாது. சுண்ணாம்புச் சாந்து மறுநாளும் வெண்ணெயாட்டம் இருக்கும். உள்ளேயிருந்து கல்ல உருவி எடுத்தான். வெளிய எறங்கினான். சாக்குக்கு அடியில இருந்த சாந்தை அள்ளி, அதே கல்லுங்கள அதே இடத்துல வச்சுட்டான். வெளிப்பக்கம் வழிச்சுட்டான். உள்பக்கம் கை எட்டல; சாந்து பிதுங்கி நிக்குது, பாருங்க. தென்னரசு இருபக்கமும் வழிக்கிறவரு."

தென்னரசு தன்னையறியாமல் தலையாட்டினான்.

"ஆனா அவன் ஒரு தப்பு பண்ணிட்டான். இந்தக் கல்லு மட்டும் ஏன் கரைஞ்சுது? மழையாலன்னு எல்லாரும் சொன்னீங்க. வாடை மழ கிழக்கேருந்து அடிச்சுது. இது மேற்குச் செவுரு. தாழ்வாரத்துக்கு அடியில கோழிக் கால் தடம்கூட அழியல. உள்பக்கமும் ஈரம். அப்ப இந்தக் கல்லுங்க தண்ணிக்குள்ளயே கெடந்து வந்திருக்கு. தொட்டித்தண்ணி செவந்தது அதுலதான். தென்னரசு, மண்கல்ல வைக்கறதுக்கு முன்னாடி ஊறப்போடுவீங்களா?"

"அய்யய்யோ! ஈரத்துணியால தொடைக்கறதோட சரி. அதுலயும் இது போன வாரம் அழுத்தின, இன்னும் பதமாகாத பச்சைக்கல்லு. சும்மா அடைக்கறதுக்குத்தானேன்னு வச்சேன். ஊறப்போட்டா உப்பிப் போவாதா?"

"யாரு ஊறப்போடுவாங்க?"

இதற்குச் சீனுவாசன் பதில் சொன்னார், தனக்குத்தானே சொல்வதுபோல. "செங்கல்லக் கட்டிப் பழகினவன். சுட்ட கல்லு தண்ணி குடிக்கும். குமிழி அடங்குற வரைக்கும் தண்ணியில போட்டுத்தான் வைக்கணும்."

"வெனிலா ஊறப்போட மாட்டாங்க. தென்னரசு போட மாட்டாரு. நீங்க கல்லு விக்கிறவரு, கரண்டி புடிச்சதில்ல. செங்கல்லுலயே கை பழகி, இந்தக் கல்ல ஒரு நாளும் தொடாத கொத்தன் ஒருத்தன். பழகின கைக்கு மூளை வேணாம். பதட்டத்துல அதுவே வேல செய்யும்." பிரபாவதி திரும்பினாள். "இருதயநாதன், அந்தக் கைக்குட்டைய எடுங்க. பேட்டரி ஆசிட்டு பத்து விரல் நுனியிலயும் ஒரே அளவா படுமா? கரண்டி இல்லாம சுண்ணாம்புச் சாந்த வழிச்ச கை அது. நேத்து கோவிந்தம்மா அடுப்புக்குக் கல்லு ஊறப்போட்டதும் அதே கை."

சாலையில் பாண்டிச்சேரி பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.

"வந்தது நீங்கன்னு தெரிஞ்சுதான் அவரு ரெண்டு டீ வாங்கினாரு," என்றாள் அவள். "அவர்கிட்ட இருந்தது ஒரே டம்ளர். அத உங்களுக்குக் குடுத்துட்டு அவரு மூடியில குடிச்சாரு. டம்ளரக் கழுவிக் கவுத்துட்டீங்க. மூடிய மறந்துட்டீங்க."

இருதயநாதன் அந்தப் பலகையைப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக்குள் மனிதர் சுருங்கிப் போனதுபோல இருந்தது. கல் அடுக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"விழுப்புரத்துல ஒரே சாரத்துல நின்னோம். நான் கொத்தன், அவன் எனக்குச் சித்தாளு. நான் காண்ட்ராக்டர் ஆயிட்டேன். அவன் அப்படியே நின்னுட்டான்." தோலுரிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "போர்டுக்காரன் பாக்கப்போற கல்ல எடுத்துட்டுப் பச்சைக்கல்ல வச்சிடலாம்னுதான் வந்தேன். பத்து விடுதி வேல மேடம். வெறும் அதுக்குத்தான். 'நான் காவக்காரன்டா, இத மட்டும் கேக்காத'ன்னு குறுக்க நின்னான். தள்ளினேன். அவ்ளோதான் தள்ளினேன்."

"அவரு ஏதாவது சொன்னாரா?"

"அதுக்கு முன்னாடி சொன்னதுதான்." அவர் முகத்தை மூடிக்கொண்டார். "'ரெண்டு வருஷத்துல என்னத் தேடி வந்தவன் நீதான்டா, டீ ஆறிடப் போவுது, குடி'ன்னான்."

ஏட்டு பச்சைமுத்து அவர் தோளைத் தொட்டு எழுப்பினார். கோழிக்கூட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகும் வெனிலா நின்றுகொண்டிருந்தாள். பிரபாவதி சரிந்த அடுக்கிலிருந்து, மாசிலாமணி காத்து நின்ற கற்களில் ஒன்றை எடுத்து வாளிக்குள் இறக்கினாள். இரண்டு மூன்று குமிழிகள் வந்தன. பிறகு எதுவுமில்லை. இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தார்கள். வெயில் வாசலைத் தாண்டி வாளியின் விளிம்பு வரை வந்துவிட்டது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

பிரபாவதி சட்டைக்கையை மடித்துக் கல்லைத் தூக்கி வெனிலாவின் மடியில் வைத்தாள். ஓரம் கத்திபோல இருந்தது.

"நீங்க கேட்டதுக்குப் பதில்," என்றாள்.

வெனிலா ஈரக்கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். யார் அழுகையையும் தேற்றிப் பழக்கமில்லாத பிரபாவதி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அந்தச் சன்னல இனிமே அடைக்கப் போறதில்ல," என்றாள் வெனிலா கடைசியில். "ஒரு நாள் உங்க வீட்டுக்கு வரலாமா மேடம்? சும்மாதான்."

"வாங்க," என்றாள் பிரபாவதி. அந்தச் சொல் அவள் வாய்க்கே புதிதாக இருந்தது.

அன்று மாலை திண்டிவனம் கடைத்தெருவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, பாத்திரக்கடைக்குள் போனாள். ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணா எடுக்கறீங்க? செட்டா ஆறு எடுத்துக்கோங்க மேடம், வெலையக் கொறச்சுத் தர்றேன்," என்றார் கடைக்காரர்.

"வேணாங்க. வீட்ல ஒண்ணு இருக்கு," என்றாள் பிரபாவதி. "இன்னொண்ணு போதும்."